24 வண்ணப் பெட்டி: ஒரு வருடத் தணிக்கை

நான் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் காசு போட்டு ஒரு வாட்டர்கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கல்லூரிக் காலத்தில் படம் வரைவேன் என்று எப்போதோ மதிய இடைவேளையில் சொல்லியிருக்கிறேன் போல. யாரோ அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள். அன்பளிப்பாக வந்த பொருளைக் குறை சொல்வது முறையில்லைதான். ஆனால் 34 வருடம் கணக்குத் தணிக்கையில் கிடந்தவளிடம் 24 கட்டம் போட்ட ஒரு பெட்டியைக் கொடுத்தால், அவள் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்க்கத்தான் செய்வாள்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே ஜாடையில் பல நிறுவனங்கள் பெட்டி போடுகின்றன. தகரப் பெட்டி, உள்ளே கட்டைவிரல் நகம் அளவு 24 வில்லைகள், மூடியின் உட்புறமே கலவைத் தட்டு, கூடவே ஒரு குட்டி பிரஷ். மேலே 'மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக வரைபவர்களுக்கும்' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் நானும் இது நமக்கென்றே செய்தது என்றுதான் நினைத்தேன். 19 வயதில் பிரஷ்ஷைக் கழுவி வைத்தவள் 61 வயதில் திரும்ப எடுக்கிறேன், எனக்கு எதற்கு உயர்ரகம் என்ற கூச்சம். இப்போது அந்த வரியின் மேல் எனக்குக் கோபம்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீல் உறுதி, ஒரு வருடம் திறந்து மூடியும் ஆட்டம் இல்லை. மூடியின் வெள்ளை எனாமல் பூச்சு புதிதில் படுத்தியது. வண்ணம் பரவாமல், எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் ஊற்றியது போல முத்து முத்தாகத் திரண்டது. விரலில் கொஞ்சம் பற்பசை தொட்டு லேசாகத் தேய்த்துக் கழுவினேன், சரியாகிவிட்டது. வில்லைகளைப் பிடித்திருக்கும் தகர நாக்குகள் மட்டும் தளர்வு. பெட்டி ஒருமுறை கைதவறிக் கவிழ்ந்ததில் ஏழு வில்லைகள் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டன.

அதைவிட எரிச்சல், பெயர். சுற்றியிருக்கும் காகிதத்தில்தான் வண்ணத்தின் பெயர் இருக்கிறது, அதுவும் சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். காகிதத்தைப் பிரித்துவிட்டால் வில்லை அநாதை. காய்ந்த நிலையில் பிரஷ்யன் நீலம், அல்ட்ராமெரின், தாலோ பச்சை, பேன்ஸ் கிரே நான்கும் கண்ணுக்கு ஒரே கறுப்பு. நான் முதன்முதலில் போட்ட வானம் பாட்டில் பச்சையில் வந்தது அப்படித்தான். அன்றே ஒரு அட்டையில் 24 கட்டம் போட்டு, ஒவ்வொரு வண்ணத்தையும் தடவி, கீழே பெயரெழுதி மூடிக்குள் ஒட்டிவிட்டேன். வாங்குகிறவர்கள் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிரித்த பிறகு செய்தால் என்னை மாதிரி ஒரு சாயங்காலம் முழுக்கத் துப்பறிய வேண்டியிருக்கும்.

சரி, வண்ணம் எப்படி? அதற்கு வருவதற்கு முன் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தாளால்தான் பெட்டியை மூன்று வாரம் மூடி வைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் ஒரு சுருள்கம்பி ஸ்கெட்ச் நோட்டு வாங்கினேன். எல்லா வகை வண்ணத்துக்கும் ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு பழைய பூட்டை மேஜையில் வைத்து வரைந்தேன். பென்சில் கோடு பரவாயில்லை, கை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். பின்னணிக்குச் சாம்பல் நீலத்தில் ஒரு வாஷ், அதாவது நிறையத் தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு, இழுத்தேன். இழுத்த இடமெல்லாம் வரி வரியாக நின்றது. சரிசெய்யலாம் என்று இன்னொரு முறை பிரஷ்ஷைக் கொண்டுபோனால் தாள் பிசிறு பிசிறாக உரிந்து வந்தது. நடுவில் தண்ணீர் தேங்கி, ஓரம் சுருண்ட ஒரு கறை படர்ந்தது. நோட்டுத்தாள் மழையில் நனைந்த அப்பளம் போல நெளிந்துவிட்டது. அதே பூட்டை ஐந்து முறை வரைந்தேன். ஐந்தும் அதே கதி. கல்லூரியில் ஒரே இழுப்பில் வானம் போட்ட கை இது. அந்தக் கை போய்விட்டது, வயசு வாங்கிக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டிப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அடுத்த வீட்டுப் பெண் கட்டடக்கலை படிக்கிறாள். ஏதோ கேட்க வந்தவள் அந்த ஐந்து பூட்டுகளையும் பார்த்தாள். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது தாள் கோளாறு. இதுல நான் போட்டாலும் இப்படித்தான் வரும்" என்றாள். மறுநாள் அவளிடம் மீந்திருந்த அரைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூறு சதம் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்டு பிரெஸ், அதாவது லேசாகச் சொரசொரப்பான பரப்பு.

அவள் சொன்னதற்காக நம்பிவிட முடியுமா? இரண்டு தாளிலும் ஒரு துண்டு கிழித்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். அதே பிரஷ், அதே அல்ட்ராமெரின், ஒரே கலவையிலிருந்து இரண்டு இழுப்பு. நோட்டுத்தாளில் மூன்று நிமிடத்துக்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்தது. பருத்தித் தாள் அவசரப்படவே இல்லை. ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து அடுத்த இழுப்பைச் சேர்க்கும் வரை காத்திருந்தது. நீலம் தாளின் சிறு பள்ளங்களில் மணல் மணலாகப் படிந்தது. காய்ந்த பிறகு ஈர பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் வண்ணம் பாதி எழுந்து வந்தது, தாள் உரியவில்லை.

காரணம் எளிது. மரக்கூழ்த் தாளின் இழை குட்டை, நீரைத் தாங்காது. பருத்தி இழை நீளம், நனைந்தாலும் வலுவாக நிற்கும். நல்ல தாளை ஜெலட்டின் போன்ற ஒரு பசையில் பக்குவப்படுத்தியிருப்பார்கள். அதனால் வண்ணம் சட்டென்று உறிஞ்சப்படாமல் மேலாகவே நின்று வேலை செய்ய நேரம் கொடுக்கிறது. இளம் கைக்கு இந்த நேரம் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடும். மெதுவாகப் போகும் கைக்கு இந்த நேரம்தான் எல்லாம். முதலில் மட்டமான தாளில் பழகிவிட்டு அப்புறம் நல்ல தாளுக்குப் போகலாம் என்று வழக்கமாக ஒரு யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எத்தனை பேர் என்னைப் போல அலமாரியின் மேல்தட்டில் பெட்டியை வைத்திருப்பார்களோ.

விலை அதிகம், மறுக்கவில்லை. நான் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் முழுத்தாளாக வாங்கி எட்டாக மடித்துக் கிழித்துக்கொள்கிறேன். ஒரு துண்டு பதினொன்றுக்கு ஏழரை அங்குலம், என் மேஜைக்கு அது போதும். கெட்டுப்போன படத்தின் பின்பக்கம் அடுத்த படத்துக்கு. ஆக, ஒரு தாளில் 16 படம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வீணாக்கிவிடுவோமே என்ற பயம் விட்டது.

இப்போது வண்ணத்துக்கு வருகிறேன். பெட்டியோடு மடித்து வைத்த ஒரு சீட்டு வரும். பெரும்பாலானவர்கள் அதைப் பிரிக்காமலே தூக்கிப்போடுகிறார்கள். தூக்கிப்போடாதீர்கள், பெட்டியின் ஐந்தொகை அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் எதிரே பிபி 29, பிஜி 7 என்று குறியெண் இருக்கும். 1925ல் முதல் பதிப்பு வந்த கலர் இண்டெக்ஸ் என்ற பட்டியலின் வழிவந்த எண்கள் இவை. வண்ணத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கலாம். உள்ளே என்ன நிறமி என்பதை எண் சொல்லிவிடும்.

ஒரு நோட்டில் 24 வரி எழுதி, எதிரே குறியெண்களைப் பதிந்தேன். ஒற்றை நிறமியில் செய்தவை 11. மீதி 13 கலவைகள். அதில் நான்கு பச்சைகள், நான்கிலும் பிஜி 7, அதாவது தாலோ பச்சை. ஒரே ஆள் நான்கு பெயரில் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். வண்ணப் பெட்டியில் இப்போதுதான் பார்க்கிறேன். காட்மியம் மஞ்சள் என்ற பெயருக்குப் பின்னால் பொடியாக 'ஹியூ' என்று இருந்தது. அப்படியிருந்தால் உள்ளே காட்மியம் கிடையாது, அந்தச் சாயலில் வேறு நிறமி என்று பொருள். ஏமாற்று என்று சொல்ல முடியாது, எழுதித்தானே இருக்கிறார்கள். வெள்ளை வில்லை ஒன்று இருக்கிறது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது விட்டுவைத்த தாள்தான். ஒரு வருடத்தில் அதை நான் தொட்டது இரண்டு முறை.

நல்லதையும் சொல்ல வேண்டும். அல்ட்ராமெரின், பிபி 29, அருமை. ஒரு காலத்தில் லாபிஸ் லசுலி என்ற கல்லை அரைத்து எடுத்த நீலம் இது, தங்கத்தோடு சேர்த்து விலை பேசிய காலமும் உண்டு. செயற்கையாகச் செய்து காட்டுபவருக்குப் பரிசு என்று 1824ல் பிரான்சில் அறிவித்தார்கள், கிமே என்பவர் 1828ல் அதை வாங்கினார். அதற்குப் பிறகு யார் பெட்டியிலும் இருக்கலாம் என்றாகிவிட்டது. மலிவாகச் செய்ய முடிகிற நிறமி என்பதால் மாணவர் ரகத்திலும் இதைக் கெடுப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். இதையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தால் ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் துரு. என் பூட்டு முழுக்க இந்த இரண்டே வில்லைதான். கடைசியாக வந்த பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சாவி எங்கே என்று கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள்கள் சுமார். நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம் போல, எவ்வளவு தேய்த்தாலும் காய்ந்ததும் சுண்ணாம்புப் பூச்சாக வெளுக்கிறது. வரைய உட்காரும் முன் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் கொஞ்சம் தேவலை.

அடுத்தது, நிலைக்குமா என்ற கேள்வி. 1888ல் ரசல் என்ற வேதியியலாளரும் ஆப்னி என்ற ராணுவ கேப்டனும் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள், நீர்வண்ணங்களின் மேல் வெளிச்சம் என்ன செய்கிறது என்று. வண்ணம் பூசிய தாள் பட்டைகளைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு வெயிலில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். காற்றும் ஈரமும் இல்லாத குழாயில் பெரும்பாலான வண்ணங்கள் தப்பித்தன, மற்ற குழாய்களில் பல வெளுத்தன. வண்ணங்களுக்கும் ஒரு அரசுத் தணிக்கை நடந்திருக்கிறது என்று படித்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பட்டையில் 24 வண்ணத்தையும் தடவி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினேன். ஆறு மாதம். துடைக்கும்போது அதைக் கிழித்துவிடாமல் இருக்க வீட்டில் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

அட்டையை எடுத்தபோது அல்ட்ராமெரின், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, தாலோ வகைகள் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. அலிசரின் கிரிம்சன் பாதிக்குப் பாதி போயிருந்தது. இது ஆச்சரியமில்லை, பிஆர் 83 என்ற இந்த நிறமி வெளுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஓபரா ரோஸ் இருந்த இடத்தில் ஒரு ரோஜா நிற ஞாபகம் மட்டும். அந்த வண்ணத்தின் பளிச்சென்ற மினுமினுப்பு ஒளிரும் சாயத்தால் வருவது, சாயம் வெயிலுக்குத் தாங்காது. வேடிக்கை வயலெட்டில்தான் நடந்தது, அது நீலமாகிவிட்டது. கலவைக்குள் இருந்த ரோஸ் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போக, நீலம் தனியாக நின்றது. திரும்பவும் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓபரா ரோஸுக்கு எதிரே ஒரே ஒரு நட்சத்திரம், மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று. நட்சத்திரம் என்றால் என்ன என்று சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் விளக்கம். இதைச் சொல்லவில்லை என்று அவர்கள் மேல் குற்றம் சாட்ட முடியாது. சொன்ன இடம்தான் அப்படி.

நோட்டுக்குள் மூடி வைக்கும் படத்துக்கு இதெல்லாம் கவலையே இல்லை. சுவரில் மாட்டினால்தான் வம்பு.

இந்த இடத்தில் என் பதிவேட்டில் ஒரு திருத்தமும் உண்டு. முதல் சில மாதம், "வெளிர் நீலம் மந்தம், கண்ணுக்கே தெரியவில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். நடுவில் வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு அதே வில்லையைத் தடவிப் பார்த்தால், நீலம் என்றால் அப்படியொரு நீலம். இடது கண்ணை மட்டும் திறந்தால் தாளே பழைய புத்தகத்தின் நிறம், வலது கண்ணுக்கு அது சலவை வெள்ளை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஓவியர் மோனே 1923ல், 82 வயதில், வலது கண்ணுக்கு இந்த அறுவையைச் செய்துகொண்டவர்தான். அதன் பிறகு வண்ணங்கள் மாறித் தெரிகின்றன என்று திணறியிருக்கிறார். நான் மோனே இல்லை, எனக்குத் திணறல் இல்லை. பச்சை மை எடுத்து அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, 'பொருளில் குறையில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். அறுபதைத் தாண்டியவர்கள் வண்ணம் சரியில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடலாம்.

பெட்டியோடு வந்த பிரஷ் பயனில்லை, அதை வைத்துத் தையல் மெஷினைத் துடைக்கிறேன். தனியாக எட்டாம் எண் உருண்டை பிரஷ் ஒன்று வாங்கினேன், செயற்கை முடி. மூன்று மாதத்தில் நுனி கொக்கியாக வளைந்தது. சூடான தண்ணீரில், கொதிக்கும் தண்ணீரில் இல்லை, நுனியை மட்டும் ஒரு கணம் முக்கி விரலால் நீவினால் நிமிர்கிறது, கொஞ்ச நாளைக்கு. கட்டைவிரல் மூட்டு வலிக்காகக் காம்பில் ஒரு ஸ்பாஞ்ச் குழாயைச் செருகியிருக்கிறேன், பிடிக்கச் சுலபம். ஈரத்தோடு பெட்டியை மூடாதீர்கள், இரண்டு வில்லையில் எனக்குப் பூஞ்சை வந்தது.

மதிப்பெண் கேட்டால் பெட்டிக்கு ஐந்துக்கு மூன்று. தகரத்துக்கும் நீலத்துக்கும் பழுப்புக்கும் கொடுத்தது அது. இன்று நானே வாங்குவதாக இருந்தால் காலிப் பெட்டி ஒன்றும், ஓவியர் ரகத்தில் ஒற்றை நிறமி ட்யூப் ஆறும் வாங்குவேன். பிஒய் 154 மஞ்சள், பிவி 19 ரோஸ், பிபி 29, பிபி 15, மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா. ட்யூபிலிருந்து காலி வில்லைக் கூட்டில் பிதுக்கி, இரண்டு நாள் காயவிட்டால் வில்லை தயார். பச்சையும் வயலெட்டும் நாமே கலந்துகொள்ளலாம், அதில்தான் சாயங்காலம் போவதே தெரிவதில்லை. மிச்சக் காசு முழுக்கத் தாளுக்கு.

பிவி 19ஐ ஏற்கெனவே வாங்கி ஓபரா ரோஸ் இருந்த கூட்டில் நிரப்பிவிட்டேன். அதற்கு ஒரு அவசரம் இருந்தது. ஜன்னல் சோதனைக்கு முன்பு, பெட்டி கொடுத்தவர்களுக்கு நன்றியாக ஒரு காகிதப்பூக் கொத்து வரைந்து சட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த அரைத் தாளின் கடைசித் துண்டில், பூ முழுக்க ஓபரா ரோஸ். பிரிவில் என் பழைய மேஜைக்குப் பின்னால், நேரே வெயில் விழும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். போனமுறை போனபோது, "மேடம், பூ வாடுற மாதிரியே வரைஞ்சிருக்கீங்க" என்று ஒரு பையன் மனசாரப் பாராட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. புதுக் கொத்து வரைந்தாயிற்று, வியாழக்கிழமை போய் மாற்றி மாட்டிவிட்டு வருவேன். பழையதைக் கையோடு வாங்கிவர வேண்டும், அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.